பெயர் தெரியாத கரிமச் சேர்மத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? சோடியம் சாற்றில் சறுக்காமல் இருக்க

கையில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. பென்சாயிக் அமிலமா, யூரியாவா, குளுக்கோஸா? பார்வைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பர்னர், சோதனைக்குழாய் எல்லாம் பழக்கம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஸ்பாட்டுலா நுனியில் எடுத்துச் சுடரில் காட்டுங்கள். கரிப்புகை கக்கி எரிந்தால் அரோமேட்டிக் (பென்சீன் போன்ற வளையம் கொண்ட) சேர்மமாக இருக்க வாய்ப்பு அதிகம். உப்பிக் கருகி, தீய்ந்த சர்க்கரை வாசனை வந்தால் கார்போஹைட்ரேட்டைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து லாசைகன் சோதனை: சேர்மத்தைச் சோடியத்துடன் உருக்கி, நீரில் சாறெடுத்து, அதில் நைட்ரஜன், ஹாலஜன் (குளோரின் போன்றவை) உண்டா என்று பார்ப்பது. நைட்ரஜன் இருந்தால் கடைசியில் நீல நிறம் வரும். நான் மூன்று முறை தோற்றது இங்கேதான். எனக்குக் கொடுத்திருந்தது பென்சமைடு என்று பிறகுதான் தெரிந்தது. நைட்ரஜன் உள்ள சேர்மம், ஆனால் நீலம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சூடு போதாததுதான் காரணம்.

மிளகளவு சோடியத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் எண்ணெயை ஒற்றி, இக்னிஷன் டியூபில் (சிறிய கண்ணாடிக் குழாய்) போடுங்கள். அது உருகிப் பளபளக்கும் மணியானதும் கொஞ்சம் சேர்மம் சேர்த்து, மெல்லச் சூட்டை ஏற்றுங்கள். புகை அடங்கியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் நிறுத்தினேன். குழாயின் அடிப்பாகம் செக்கச்செவேலென்று ஆக வேண்டும், அந்தச் சிவப்பிலேயே இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். அப்புறம் பீங்கான் கிண்ணத்தில் உள்ள காய்ச்சி வடித்த நீரில் அமிழ்த்தி, உடனே கம்பிவலையால் மூடுங்கள். குழாய் படீரென்று உடையும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது. கொதிக்கவைத்து வடிகட்டினால் சாறு தண்ணீர் போலத் தெளிந்திருக்க வேண்டும். மஞ்சளோ பழுப்போ தட்டினால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

நைட்ரஜனுக்கு ஃபெர்ரஸ் சல்ஃபேட். கரைசல் நாள்பட்டால் ஃபெர்ரிக்காக மாறிவிடும் என்பதால் படிகத்தைப் பொடித்து நேரடியாகப் போடுவதே என் வழக்கம். கொதிக்கவைத்து, நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அழுக்குப் பச்சைக் கசடு கரைந்து பிரஷ்யன் நீலம் எழும்பும்.

ஹாலஜனுக்குச் சாற்றை முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்துடன், புகைபோக்கி அறைக்குள் கொதிக்கவையுங்கள். இல்லாவிட்டால், சேர்மத்தில் நைட்ரஜன் இருக்கும்போது சாற்றில் உருவாகும் சயனைடு, சில்வர் சயனைடாக வெள்ளையாக வீழ்ந்து, குளோரின் என்று ஏமாற்றிவிடும். பிறகுதான் சில்வர் நைட்ரேட். வெள்ளை வீழ்படிவு அம்மோனியாவில் கரைந்தால் குளோரின்.

வினைசெயல் தொகுதிக்கு (சேர்மத்தின் வேதிக்குணத்தைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டம்) வந்தால், சோடியம் பைகார்பனேட்டில் நுரைத்துப் பொங்குவது பெரும்பாலும் கார்பாக்சிலிக் அமிலம். சாதாரண ஃபீனால் பொங்காது, நடுநிலை ஃபெர்ரிக் குளோரைடில் ஊதா தரும். இரண்டும் சேர்ந்து வந்தால் குழம்ப வேண்டாம், சாலிசிலிக் அமிலமாக இருக்கலாம். போர்ஷ் காரணியில் (2,4-டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன் கரைசல்) மஞ்சள் அல்லது ஆரஞ்சு வீழ்படிவு வந்தால் ஆல்டிஹைடு அல்லது கீட்டோன்; டாலன்ஸ் காரணியில் (அம்மோனியா கலந்த சில்வர் நைட்ரேட்) வெள்ளி ஆடி படிந்தால் ஆல்டிஹைடு. ஆடிக்கு நேரடிச் சுடர் வேண்டாம், வெந்நீர்த் தொட்டிதான் சரி. யூரியாவைச் சூடாக்கி உருக்கிய பிறகு செய்யும் பையூரெட் சோதனையில் (காரம் கலந்த காப்பர் சல்ஃபேட்) ஊதா வரும்.

முடிவு எழுதும் முன் உருகுநிலையையும் பார்த்துவிடுங்கள்: பென்சாயிக் அமிலம் 122°செ, யூரியா 133°செ, சாலிசிலிக் அமிலம் 159°செ.

பின்சேர்க்கை: நைட்ரஜன் உள்ள திரவமான அனிலினில் நைட்ரஜன் சோதனை பலிக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது 184°செ-யில் கொதித்து, சோடியத்துடன் வினைபுரியும் முன்பே ஆவியாகிவிடும். சோடியத்தை நன்றாகச் சூடேற்றி, அதன் மேல் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். ஆனால் குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே சோடியத்தின் பக்கம் போகாதீர்கள், வெடிக்கும்.