அளவுக் கரண்டி இல்லாமல் ஒரு பருப்புக் கறி
இலங்கையின் உயரமான மலைநகரான நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் மைசூர்ப் பருப்பு வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்குங்கள், நடுவில் தட்டுப்பட்டால் இன்னும் வேகட்டும்.

அப்புறம், வீட்டில் இருப்பதைப் போடுங்கள். எங்கள் லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) அம்மா லீக்ஸின் பச்சைத் தாளைக்கூட வீசமாட்டார். பொடியாக அரிந்து, செத்தல் மிளகாய், கறிவேப்பிலையோடு வதக்குவார். ஓரம் சுருண்டு, காரல் போய், இனிப்பு மணம் எழும்பும். அந்த மணம்தான் கணக்கு! அப்போதே பருப்பில் கொட்டிவிட வேண்டும்.

தேங்காயின் முதற்பாலைக் கடைசியில் ஊற்றுங்கள், தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். உப்பைச் சுவைத்துப் பார்த்துப் போடுங்கள். தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி அடுப்பை அணைத்த பிறகு. ரொட்டிக்கென்றால் கறி கெட்டியாக இருக்கட்டும், சோற்றுக்குச் சற்றுத் தளர்த்தலாம்.