வாசிப்பு சேலஞ்ச் எடுக்கியளா? இந்தத் தப்புகள மட்டும் செய்யாதீங்க

எங்க வாசிப்புக் கூட்டத்துக்கு வருஷப் பிறப்பு கழிஞ்சதும் புதுசா கொஞ்சம் பிள்ளைங்க வரும். நாகர்கோவில் காலேஜ் பிள்ளைங்க, மார்த்தாண்டத்துல கடையில நிக்கிறவங்க, டெய்லி ரயில்ல திருவனந்தபுரம் போய் வேலை பாக்கிறவங்கன்னு எல்லாரும் வருவாங்க. இந்த வருஷம் இத்தன புக் வாசிச்சு ஆள் மாறிக் காட்டுவேன்னு சொல்லிட்டு வருவாங்க, அந்த முகத்த பாக்கவே சந்தோஷமா இருக்கும். ஆனா நாங்க ஆரம்பிச்ச காலத்துல செஞ்ச அதே தப்ப அவங்களும் வரிசையா செய்யுறத பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது. போன தள்ளி வைங்க, படுத்துட்டு வாசிக்காதீங்க, அதெல்லாம் நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியது இல்ல, விடுங்க.

எண்ணிக்கைய வச்சு சேலஞ்ச் போடுறது

வருஷத்துக்கு 50 புக்னா வாரத்துக்கு ஒண்ணு. 300 பக்க புக்குன்னா நாளுக்கு 40 பக்கத்துக்கு மேல வாசிக்கணும். வேலைக்கும் போயிட்டு வீட்டுலயும் ஆயிரம் ஜோலி கிடக்கும்போது பிப்ரவரிலயே மூச்சு முட்டிரும், அப்புறம் கை தானா ஒல்லியான புக்க தேடிப் போகும். பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்த ஒண்ணா எண்ணணுமா அஞ்சா எண்ணணுமான்னு எங்க கூட்டத்துல ஒரு சாயங்காலம் முழுக்க சண்டை, அன்னைக்கு அந்தக் கதைய பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. நேரத்த கணக்கு வைங்க. நாளுக்கு அரை மணி நேரம்னு வச்சா தடி புக்க கண்டு பயம் வராது.

தன்முன்னேற்றம்னா தன்முன்னேற்ற புக் மட்டும்தான்னு நெனைக்கிறது

எனக்கு இன்னைக்கும் ஆத்திரம் வர்ற விஷயம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ஒரு பையன் வந்தான். திருவனந்தபுரத்துல வேலை, போக வர ரயில்ல நேரம் கிடைக்கும், நல்லா வாசிக்கக்கூடிய பய. வருஷம் முழுக்க அவன் வாசிச்சது எல்லாமே காலைல எழும்புறது எப்படி, பழக்கத்த மாத்துறது எப்படி, பணக்காரன் ஆகுறது எப்படி, தைரியமா பேசுறது எப்படி, இந்த வகைதான். ஒண்ணொண்ணும் 300, 400 ரூபா, சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்குனது. வருஷக் கடைசில என்ன மக்கா கிடைச்சுதுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "சீக்கிரம் எழும்பணும், சின்னதா ஆரம்பிக்கணும், கெட்ட சகவாசம் ஆகாதுண்ணா, எல்லாத்துலயும் இதுதான் இருக்கு"ன்னான்.

அவன் சொன்னது சரிதான். இந்த வகை புக்குல பெரும்பாலும் ஜெயிச்ச ஒருத்தரோட கதை, எங்கயோ நடத்துன ஒரு ஆராய்ச்சி, அப்புறம் ஒரு விதி, இப்படியேதான் அத்தியாயம் அத்தியாயமா போகும். மூணாவது புக்குலயே நமக்கு அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சிரும். அதுக்கு மேல வாசிக்கிறது துருவுன தேங்காயவே திரும்பத் திரும்பத் துருவுற மாதிரி. இதுல பெரிய ஆபத்து என்னன்னா வாசிக்கும்போதே அந்தக் காரியத்த செஞ்சு முடிச்ச மாதிரி ஒரு உற்சாகம் வந்துரும், மறுநாள் ஒண்ணும் மாறியிருக்காது, உடனே அடுத்த புக்க வாங்கத் தோணும்.

போன ரூபாய விடுங்க. அடுத்த வருஷம் அவன் கூட்டத்துக்கு வரல. புக்னா இவ்வளவுதான்ணா, எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்குன்னு சொல்லிட்டான். வாசிக்கணும்னு ஒருத்தனுக்கு வர்ற ஆசை வருஷா வருஷம் வராது, அது வந்த வருஷத்துல அவன் கையில சரியான புக் போய்ச் சேரலன்னா நல்ல வாசகன் ஒருத்தன் போனான். எனக்கு அதுதான் தாங்க முடியல.

அவன் எந்த மண்ணுல இருந்து வந்தவன்னு யோசிச்சு பாருங்க. சாகித்ய அகாதமி விருத பொன்னீலன் 1994லயும், தேங்காப்பட்டணத்துக்காரரு தோப்பில் முஹம்மது மீரான் 1997லயும், நாஞ்சில் நாடன் 2010லயும் வாங்கியிருக்காங்க, மூணு பேரும் நம்ம கன்னியாகுமரி மாவட்டம். மீரானோட நாவல்கள்ல வர்ற பேச்சுக்கு வெளியூர்க்காரங்க அர்த்தம் தேடித் தேடி வாசிக்கிறாங்க, நம்ம கடற்கரைப் பிள்ளைங்களுக்கு அது வீட்டுப் பேச்சு. அந்தப் பையனுக்கு இவங்க யாரோட பேரும் தெரியாது. நாலு பேரு முன்னால நிக்கும்போது தான் ரொம்ப சின்ன ஆளா தெரியுதுன்னுதான் அவன் முதல்ல வந்தான். வசதி இல்லாத படிச்ச பையன் ஒருத்தன் பணக்கார வீட்டுல கல்யாணம் முடிச்சு தன்மானத்துக்குப் படுற பாட்ட நாஞ்சில் நாடன் 1977லயே தலைகீழ் விகிதங்கள்ல எழுதியாச்சு. அத அவனுக்கு யாராவது குடுத்திருக்கணும்.

இன்னொரு பிள்ளை, நர்சிங் படிக்கிறவ, ஹெப்சிபா ஜேசுதாசனோட புத்தம் வீடு வாசிச்சா. 1964ல வந்த நாவல், பெரிய புக்கும் இல்ல. வயசுக்கு வந்ததும் வீட்டோட நிறுத்தி வைக்கப்பட்ட லிஸின்னு ஒரு பொண்ணு, அவளுக்கும் பனையேறி வீட்டுப் பையனுக்கும் உள்ள பிரியம், அதான் கதை. வாசிச்சு முடிச்சிட்டு வந்து, "அண்ணா, இது எங்க பாட்டிக்க கதையாக்கும்"ன்னா. அன்னைக்கு ராத்திரி பாட்டிக்க பக்கத்துல போய் இருந்து நீங்க எதுக்கு படிப்ப நிறுத்துனீங்கன்னு கேட்டிருக்கா. அதுவரைக்கும் அந்த வீட்டுல யாரும் அந்தக் கேள்விய கேட்டதே இல்லையாம், பாட்டி விடிய விடிய பேசியிருக்காங்க. முன்னேற்றம்னு நான் நம்புறது இதைத்தான்.

அதுக்காக தன்முன்னேற்ற புக்க தொடவே கூடாதுன்னு சொல்லல. நாலு புக்குக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோங்க. அதுல சொன்ன ஒரே ஒரு காரியத்த மூணு மாசம் செஞ்சு பாருங்க, அதுவரைக்கும் அந்த வகையில அடுத்தத வாங்காதீங்க.

மொத்தமா வாங்கி அடுக்குறது

வேண்டாம். நாகர்கோவில் மாவட்ட மைய நூலகம் இருக்கு, உங்க ஊர்ப் பக்கம் கிளை நூலகம் இருக்கும், முதல்ல உறுப்பினர் ஆகுங்க.

பிடிக்காத புக்க கட்டிப்பிடிச்சிட்டு இருக்கிறது

50 பக்கம் பாருங்க. ஓடலன்னா மூடி வைங்க.

அடுத்தவங்க லிஸ்ட்ட அப்படியே எடுக்கிறது

உங்களுக்கு இப்ப எது உறுத்துதோ அதுல இருந்து ஆரம்பிங்க.

மிச்சத்த டிசம்பர்ல முடிச்சிரலாம்னு விடுறது

வேற ஊர்ல எப்படியோ, நம்ம மாவட்டத்துல டிசம்பர நம்பி எதையும் வைக்கக் கூடாது. நவம்பர் கடைசில கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா தொடங்கி டிசம்பர் 3 வரைக்கும் போகும், அது முடிஞ்ச கையோட கேரல், ஸ்டார் கட்டு, குடில், பாட்டுப் பயிற்சி, விருந்து, எந்த வீடா இருந்தாலும் அந்த மாசம் ஆள் கூட்டம்தான். நிதானமா வாசிக்க நமக்கு நல்ல காலம் ஜூன், ஜூலை. இடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, பிடிச்சா மேற்க ரப்பர் வெட்டு நிக்கும், வெளிய எங்கயும் போகவும் முடியாது, தடி நாவல்கள அதுக்குன்னு ஒதுக்கி வைங்க. நவம்பர் பாதியோட வருஷக் கணக்க முடிச்சிருங்க, மிச்சம் கிடந்தா அடுத்த வருஷத்துக்கு போகட்டும்.