செல்போனில் பார்வைச் சோதனை: திண்ணையில் வைத்துச் செய்யும் முறை

ஊருக்குள் வீடு வீடாகப் போய்ப் பார்வை சோதிக்க ஒரு ஆண்ட்ராய்டு போன், 2 மீட்டர் கயிறு, ஸ்கேல், நோட்டு போதும். பீக் அக்யூட்டி போன்ற செயலிகள் ஆங்கில ‘ஈ’ எழுத்தை நான்கு திசையிலும் திருப்பித் திருப்பிக் காட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று கையை நீட்டிச் சொல்லிவிடலாம்.

கிளம்புமுன் எழுத்தை அளந்துவிடுங்கள். நல்ல கண் 60 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடிந்தால் அந்தப் பார்வை 6/60; 6/12 அதைவிட மேல், 6/6 முழுப் பார்வை. 2 மீட்டர் தூரத்துக்கு 6/60 எழுத்து 29 மி.மீ. உயரமும், 6/12 எழுத்து ஏறக்குறைய 6 மி.மீ. உயரமும் இருக்கவேண்டும். குறைந்தால் நல்ல கண்ணும் தோற்கும்; கூடினால் புரை விழுந்த கண்ணும் தேறிவிடும். திரை வெளிச்சத்தை முழுக்கக் கூட்டுங்கள். வெளிச்சம் தானாக மாறும் வசதியையும், இரவுக்கான மஞ்சள் திரையையும் நிறுத்திவிடுங்கள்.

திண்ணை நிழல்தான் நல்ல இடம். வெயில் பட்டால் எழுத்து வெளிறும். உங்கள் முதுகுக்குப் பின்னால் வெயில் இருந்தால் அவருக்குக் கண் கூசும். போன் அவர் கண் மட்டத்தில் இருக்கட்டும். கயிற்றின் ஒரு முனையை வீட்டில் ஒருவர் அவர் நெற்றியோரம் பிடிக்க, மறுமுனையைப் போனோடு சேர்த்து நீங்கள் பிடியுங்கள். எழுத்து தெரியாதபோது யாரும் முன்னால் சாய்வார்கள். கயிறு தொய்ந்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் வலது கண். மற்றதை உள்ளங்கையால் மூடவேண்டும். விரலால் மூடினால் இடுக்கில் பார்ப்பார்கள்; அழுத்தினால் அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கலாகி, அடுத்த சோதனை கெடும். தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே பார்க்கட்டும். நீங்கள் திரையைப் பார்க்காமல், அவர் காட்டும் திசையில் விரலால் தள்ளுங்கள். பார்த்தால் உங்கள் முகமே விடை சொல்லிவிடும்.

நேரமில்லையென்றால் 6/12 எழுத்தை மட்டும் 5 முறை காட்டி, 4 சரியென்றால் தேர்ச்சி எனலாம். குருட்டாம்போக்கில் தேற 64-ல் ஒரு வாய்ப்புதான். தோற்றவருக்கு, 1.2 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டை வழியே மறுபடி காட்டுங்கள். தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடிக் குறை. தெளியாவிட்டால் புரையோ வேறு நோயோ இருக்கலாம், டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

சர்க்கரை நோயாளி 6/6 வந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டவேண்டும். வலியோடு சிவந்த கண், திடீரென மங்கிய பார்வை, குழந்தையின் கருவிழி நடுவே வெள்ளை: இவற்றுக்குச் செயலியைத் திறக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

சோதிப்பதைவிட, தோற்றவரை ஆஸ்பத்திரிக்குப் போகவைப்பதுதான் பெரிய வேலை. கென்யாவின் டிரான்ஸ் என்சோயா பகுதியில் 50 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. பிள்ளைக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைப் படமாகக் காட்டி, பெற்றோருக்கு எஸ்எம்எஸ் நினைவூட்டலும் அனுப்பியபோது 54 சதவீதப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வெறும் சீட்டு கொடுத்தபோது 22 சதவீதம்தான்.

நம்பர் வாங்கியதும் அங்கேயே மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். வீட்டு நம்பர் என்று சொல்வது வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். முதியவருக்கு எஸ்எம்எஸ் பயன்படாது, பேசித்தான் சொல்லவேண்டும். குறித்த தேதி தாண்டியும் போகாதவரிடம் காரணம் கேளுங்கள்: பஸ் காசா, துணைக்கு ஆளில்லையா, ஆபரேஷன் பயமா? அதையும் பெயருக்கு எதிரே எழுதிவைத்தால், அடுத்த முகாமுக்கு வண்டி எந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்பது அந்த நோட்டிலேயே இருக்கும்.