குடோன் கேமராவில் உள்ளீடு, வெளியீடு, தொடர் முனைகளை அமைத்தல்

நெட்வொர்க் கேமராவின் பின்புறத்தில் கம்பிகளைப் பொருத்துவதற்கான முனைகளோடு உள்ள சிறிய டெர்மினல் பிளாக்கைப் பலர் தொடாமலேயே விட்டுவிடுகிறார்கள். ஆனால் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் டின்களை அடுக்கி வைத்திருக்கும் ஒரு குடோனில், இரவில் ஷட்டர் தூக்கப்பட்ட நொடியிலேயே பதிவு தொடங்கி, சைரனும் ஒலிக்க வேண்டுமானால், அந்த முனைகளை முறையாக அமைத்தே ஆக வேண்டும்.

முதலில் உள்ளீடு. ஷட்டரில் பொருத்தும் காந்த சுவிட்ச், வெளி மின்னழுத்தம் எதுவும் கலக்காமல், இணைந்து பிரியும் வெறும் தொடர்பாக (டிரை கான்டாக்ட்) இருப்பது பாதுகாப்பானது. அதன் ஒரு கம்பியை உள்ளீட்டு முனையிலும் மற்றொன்றைப் பொது முனையிலும் இணைக்க வேண்டும். இணைப்பதற்கு முன், ஷட்டர் மூடியிருக்கும்போது சுவிட்ச் இணைந்திருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்பதை மல்டிமீட்டரால் சோதித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் அமைப்புப் பக்கத்தில் 'இயல்பு நிலை' என்று கேட்கும் இடத்தில் தர வேண்டிய விடை அதுதான். அது தலைகீழானால் மூடிய கதவுக்கு இரவெல்லாம் அலாரம் அடிக்கும், திறந்த கதவுக்கு அடிக்காது. ஷட்டர் மூடியிருக்கையில் இணைந்திருக்கும் வகையையே நான் வலியுறுத்துவேன். ஏனெனில் எலி கம்பியைக் கடித்தாலும், யாரேனும் வேண்டுமென்றே வெட்டினாலும், சுற்று அறுந்து கேமரா உடனே அறிவித்துவிடும். மற்ற வகையில் கம்பி அறுந்திருப்பது திருட்டு நடந்த பிறகே தெரியவரும்.

வெளியீட்டில்தான் கேமராக்கள் அதிகம் பழுதாகின்றன. பல மாடல்களில் இந்த முனை, சிறு மின்னணு சுவிட்சாக வேலை செய்யும் ஒரு டிரான்சிஸ்டர் மட்டுமே. 100 மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டத்தையே அது தாங்கும் என்பதால், சைரனை நேரடியாக அதில் இணைக்கக் கூடாது. இடையில் ஒரு 12 வோல்ட் ரிலேயை, அதாவது சுருளில் பாயும் சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்சை வைத்து, சைரனை அந்தச் சுவிட்ச் வழியாக இணையுங்கள். சிறிய ரிலேயின் சுருள் ஏறத்தாழ 400 ஓம் இருக்கும். அது எடுப்பது 30 மில்லி ஆம்பியர் மட்டுமே. சுருளின் ஒரு முனையைத் தனி பவர் சப்ளையின் நேர்முனைக்கும், மறுமுனையைக் கேமராவின் வெளியீட்டுக்கும் கொடுத்து, பவர் சப்ளையின் எதிர்முனையைக் கேமராவின் பொது முனையோடு சேர்க்க வேண்டும். சுருளுக்குக் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடை, அதன் கோடிட்ட பக்கம் நேர்முனையை நோக்கியிருக்குமாறு கட்டாயம் பொருத்துங்கள். ரிலே அணையும் கணத்தில் சுருள் எழுப்பும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைத் தாக்காமல் அது காக்கும். அதன்பின் சைரன் எத்தனை நொடி ஒலிக்க வேண்டும் என்பதை அமைத்துவிட்டு, மின்சாரத்தை ஒருமுறை துண்டித்து மீண்டும் கொடுத்துப் பாருங்கள். கரண்ட் வந்து கேமரா எழும்போதெல்லாம் சைரன் அலறினால், நாளடைவில் அக்கம்பக்கத்தார் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

வேறு கருவிக்குக் கட்டளை அனுப்பும் தொடர் முனை (சீரியல் போர்ட்) எல்லோருக்கும் தேவைப்படாது. வளாகத்தின் கோடியில் கேமராவைத் திருப்பும் மோட்டார் தலை இருந்தால் மட்டும் ஆர்எஸ்-485 எனப்படும் இந்த முனையைப் பயன்படுத்துங்கள். ஏ, பி என்ற இரு கம்பிகளும் முறுக்கிய ஜோடியாக, இரு பக்கமும் அதே பெயருள்ள முனையில் சேர வேண்டும். நெறிமுறை (கட்டளைகளை அனுப்பும் முறை), வேகம், முகவரி ஆகிய மூன்றும் கேமராவிலும் மோட்டார் தலையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நெறிமுறை பெல்கோ-டி என்றால் நொடிக்கு 2400 பிட் வேகத்திலிருந்து சோதிக்கத் தொடங்கலாம். நீண்ட கம்பியின் இரு கடைசியிலும் 120 ஓம் மின்தடை தேவை. எல்லாம் பொருந்தியும் தலை அசையவில்லையெனில், ஏ, பி இரண்டையும் மாற்றிப் பாருங்கள். சில தயாரிப்புகளில் இந்தப் பெயர்கள் எதிரெதிராக அச்சிடப்பட்டிருக்கும்.

சித்திரை, வைகாசியில் நம் பகுதியில் இடியோடு பெய்யும் கோடை மழையை எண்ணி, திறந்தவெளியில் செல்லும் கம்பிகளுக்கு இரு முனையிலும் மின்னெழுச்சித் தடுப்பானைப் பொருத்தி, அவற்றை நல்ல எர்த்தில் சேர்த்துவிடுங்கள்.