போலீஸ் வண்டிய சோதனை போட்டா என்ன பண்ணணும்

கை காட்டினா ஓரமா நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க, ராத்திரினா உள்ள லைட்டையும் போடுங்க. இந்தியாவுல ஆர்சி, லைசென்ஸ அரசோட டிஜிலாக்கர் ஆப்ல காட்டினாலே செல்லும். டிக்கிய திறக்க சொன்னா எதுக்குனு மரியாதையா கேளுங்க, ஆனா மல்லுக்கு நிக்காதீங்க, அப்புறம் அதுவே தனி கேஸாகிடும்.

பெண்கள உடல் சோதனை பண்ணணும்னா பெண் போலீஸ்தான் பண்ணணும்.

எதையாவது பறிமுதல் பண்ணா, 2024 ஜூலை 1ல அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ்ங்கற குற்ற நடைமுறை சட்டத்தோட 105வது பிரிவுப்படி அத வீடியோ எடுக்கணும், செல்போன்ல எடுத்தாலும் போதும், அந்த வீடியோ மாஜிஸ்திரேட்டுக்கு போகணும், அதனால "சார், வீடியோ எடுக்கறீங்களா?"னு கேக்க தயங்காதீங்க. பொருள் லிஸ்ட்ட முழுசா படிங்க, கடைசி வரிக்கு கீழ காலி இடம் இருந்தா கோடு போட சொல்லிட்டு கையெழுத்து போடுங்க (அவசரப்படுத்துவாங்க, படுத்தட்டும்), வெத்து பேப்பர்னா போடவே போடாதீங்க.