1234567-ஐ உடைத்துப் பார்ப்போமா?

1234567 பகா எண்ணா? இல்லையென்றால் அதன் காரணிகள் எவை? தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது படிக்கு மட்டும் கால்குலேட்டர் இருந்தால் நல்லது.

படி 1: சின்னச் சின்ன எண்கள்

கடைசி இலக்கம் 7. எனவே 2, 5 இரண்டும் காரணி இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 28. அது 3-ஆல் வகுபடாது, ஆகவே 3-உம் இல்லை.

படி 2: 7, 11, 13 மூன்றும் ஒரே வீச்சில்

எனக்கு மிகவும் பிடித்த குறுக்குவழி இது. 7 × 11 × 13 = 1001. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாறி மாறிக் கழித்துக் கூட்டுங்கள்: 567 − 234 + 1 = 334. இனி 334-ஐ மட்டும் வகுத்தால் போதும். 7-ஆல் வகுத்தால் மீதி 5, 11-ஆல் 4, 13-ஆல் 9. மூன்றும் இல்லை.

இது எப்படிச் சரியாக வருகிறது? 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு. அதனால் 1001-ஆல் வகுக்கும்போது ஒவ்வொரு ஆயிரமும் −1 போலவே நடந்துகொள்ளும்.

படி 3: எதுவரை போக வேண்டும்?

1111² = 1234321, 1112² = 1236544. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அது முழு வர்க்கம் இல்லை. ஓர் எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கலாக எழுதினால், சிறியது வர்க்கமூலத்தைத் தாண்டாது. எனவே 1111 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். மொத்தம் 186 இருக்கின்றன. பயப்படாதீர்கள், அவ்வளவு தூரம் போக மாட்டோம்.

படி 4: பொறுமையாக வகுத்தல்

17-ஆல் வகுத்தால் மீதி 10. 19-ஆல் 4. 23-ஆல் 19. இப்படியே போங்கள். 91, 119 இரண்டும் பகா எண் போலத் தோன்றி ஏமாற்றும். அவை 7 × 13, 7 × 17. அவற்றுக்கு நேரம் செலவிட வேண்டாம். 31-ஆவது பகா எண்ணான 127-இல் மீதி பூச்சியம்!

1234567 = 127 × 9721

படி 5: 9721 என்ன ஆகும்?

இங்கேதான் பலர் மறுபடியும் 2-இலிருந்து ஆரம்பிப்பார்கள். தேவையே இல்லை. 9721-ஐ வகுக்கும் எந்த எண்ணும் 1234567-ஐயும் வகுக்கும். 127-க்குக் கீழே உள்ள பகா எண்கள் எதுவும் அதை வகுக்காது என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 99² = 9801, அதுவே 9721-ஐத் தாண்டிவிட்டது. ஆக, ஒரு முறைகூட வகுக்காமலே சொல்லலாம்: 9721 பகா எண்.

அப்புறம் கிடைப்பவை

காரணிகள் நான்கே: 1, 127, 9721, 1234567. கடைசியை விட்டுவிட்டுக் கூட்டினால் 9849தான். அது 1234567-ஐ விடச் சிறியது; எனவே இது குறை எண் (தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் தன்னைவிடக் குறைவாக உள்ள எண்). 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருவதால் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியாது. ஆனால் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். இரு காரணிகளின் கூடுதலில் பாதி 4924, வித்தியாசத்தில் பாதி 4797. 4924² − 4797² போட்டுப் பாருங்கள், 1234567 வரும்.

அடுத்து இதையே திருப்பிப் போட்டு 7654321-ஐ எடுங்கள். முதல் காரணி 20-க்குள்ளேயே மாட்டிவிடும்.