அகலப் படகைத் தண்ணீரில் இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டன் வீட்டு வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இங்கிலாந்துக் கால்வாய்களில் ஒரு படகை வாங்கி அதையே வீடாக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பழைய வகைக் குறும்படகான நாரோபோட் 7 அடிக்கும் குறைவான அகலம் கொண்டது; உள்ளே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அதனால் 10 முதல் 12 அடி அகலமுள்ள வைட்பீம் படகின் மேல் ஆசை வருகிறது. வாங்கியதும், பட்டறையிலிருந்து லாரியில் ஏற்றி, கரைக்குக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கித் தண்ணீரில் விட வேண்டும். படகு கொக்கியில் தொங்குவது பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் நடக்கும் விபத்துகளின் வேர் பல வாரங்களுக்கு முன்பே, தொலைபேசியில் பேசிய ஒரு பேச்சிலோ படிக்காமல் விட்ட ஒரு தாளிலோ இருக்கிறது.

முதல் தவறு, எந்தக் கால்வாயில் இறக்குகிறோம் என்பதையே சரியாக யோசிக்காதது. இங்கிலாந்தின் அகலக் கால்வாய்கள் எல்லாம் ஒரே வலையாக இணைந்தவை அல்ல. வடக்கே லீட்ஸ் - லிவர்பூல், ராச்டேல் போன்ற அகலக் கால்வாய்கள் உள்ளன. தெற்கே கிராண்ட் யூனியன், ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரை 87 மைல் ஓடும் கென்னட் - ஏவன் ஆகியவை உள்ளன. இரண்டு பக்கத்தையும் இணைக்கும் நடுநாட்டுக் கால்வாய்களில் லாக் என்னும் நீர்ப்பூட்டுகள் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுள்ள தொட்டிகள்) 7 அடி அகலமே கொண்டவை. 12 அடிப் படகை வடக்கே இறக்கிவிட்டு, பிறகு லண்டனுக்கு ஓட்டிப் போகலாம் என்று நினைத்தால் வழி கிடையாது. மறுபடி கிரேன், மறுபடி லாரி. நீளமும் முக்கியம். லீட்ஸ் - லிவர்பூல் கால்வாயின் பல நீர்ப்பூட்டுகளுக்குள் 60 அடியைச் சற்றே தாண்டிய நீளம் வரையுள்ள படகுதான் நுழையும். 70 அடிப் படகோடு அங்கே போனால் இரண்டு பூட்டுகளுக்கு இடைப்பட்ட நீரிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிராண்ட் யூனியனில்கூட பிரான்ஸ்டன், பிளிஸ்வொர்த் சுரங்கங்களை அகலப் படகு கடக்க முன்பதிவு வேண்டும்.

சாலைப் பயணத்தை லாரிக்காரரின் கவலை என்று விட்டுவிடுவது அடுத்தது. 12 அடி என்பது 3.66 மீட்டர். பிரிட்டனில் 2.9 மீட்டர் அகலத்தைத் தாண்டிய சுமைக்கு இரண்டு முழு வேலைநாள்களுக்கு முன்பே காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும், 3.5 மீட்டரைத் தாண்டினால் உடன் ஒரு உதவியாளரும் வர வேண்டும். நல்ல நிறுவனம் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் கடைசி அரை மைலைப் படகு வாங்குபவர் தம் காலால் நடந்து பார்ப்பது நல்லது. பழைய கால்வாய்களின் குறுக்கே ஒட்டக முதுகுபோல வளைந்த செங்கல் பாலங்கள் ஏராளம். தாழ்ந்த டிரெய்லரின் வயிறு அந்த வளைவின் உச்சியில் தட்டி நின்றுவிடும். எடைக் கட்டுப்பாட்டுப் பலகையும் பல பாலங்களில் உண்டு. அது படகு வரும் லாரிக்கு மட்டுமல்ல, கிரேனுக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காப்பீட்டில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. லாரி நிறுவனங்களின் சங்கமான ரோடு ஹாலேஜ் அசோசியேஷனின் பொது நிபந்தனைகளின் கீழ் சரக்கு ஏற்றும் நிறுவனம், சேதத்துக்கு டன்னுக்கு 1,300 பவுண்டு என்ற கணக்கில்தான் பொறுப்பேற்கிறது. 25 டன் படகுக்கு இது 32,500 பவுண்டு. புதிய அகலப் படகின் விலை அதைப்போல் பல மடங்கு. “எங்களிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது” என்ற ஒரு வரியை நம்பிப் படகை ஏற்றக் கூடாது. எவ்வளவுக்கு, எதுவரை என்று எழுத்தில் கேட்க வேண்டும். உங்கள் சொந்தப் படகுக் காப்பீடு தூக்கி இறக்கும் நேரத்தையும் உள்ளடக்குகிறதா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

கிரேனை எப்படி அமர்த்துகிறோம் என்பதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். இதற்கு அங்கே இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் கிரேனையும் ஓட்டுநரையும் வாடகைக்கு எடுக்கிறீர்கள். திட்டமிடுவது, மேற்பார்வை, ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு எல்லாம் வாடகைக்கு எடுத்தவர் தலையில். மற்றதில் நிறுவனமே இடத்தைப் பார்த்து, தூக்கும் திட்டம் எழுதி, தகுதியுள்ள ஆளை நியமித்து, பொறுப்பையும் ஏற்கிறது. இதைக் கான்ட்ராக்ட் லிஃப்ட் என்கிறார்கள். முதலாவது மலிவு. விலைப்புள்ளி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மலிவானதில் கையெழுத்துப் போடுபவர், 1998-இல் வந்த தூக்குதல் பாதுகாப்பு விதிகள் கேட்கும் திட்டமிடும் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்கிறார் என்று தெரியாமலே செய்கிறார். படகு வாங்கும் சாதாரணக் குடும்பத்துக்கு அந்த வேலை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்வதும் அதே அளவு ஆபத்து. பட்டறையிலிருந்து வெளிவந்த வெறும் எஃகுக் கூட்டின் எடையைச் சொல்லிவிட்டு, படகு நிலையாக மிதக்கத் தரைக்கு அடியில் அடுக்கிய கான்கிரீட் பாளங்களை, தண்ணீர்த் தொட்டியை, அடுப்பை, மின்கலங்களை மறந்துவிடுகிறார்கள். தொட்டியில் 1,000 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதுவே ஒரு டன். அதுவும் படகின் ஒரு முனையில். தொட்டிகளைக் காலி செய்துவிட்டுத் தூக்குவதே நல்லது.

“100 டன் கிரேன் வருகிறது, 25 டன் படகுக்கு என்ன பயம்?” என்ற கேள்வி அடிக்கடி எழும். கிரேனின் பெயரில் உள்ள எண், கை சுருங்கி, சுமை அதன் காலடியிலேயே இருக்கும்போது மட்டும் பொருந்தும். சுமை தள்ளிப் போகப் போகத் தூக்கும் திறன் வேகமாகக் குறைகிறது. கிரேன் சாயாமலிருக்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் ஊன்றுகாலைக் கரை விளிம்பிலிருந்து 4 மீட்டர் தள்ளி வைத்தால், கிரேன் சுழலும் நடு அச்சு இன்னும் 3, 4 மீட்டர் உள்ளே இருக்கும். படகின் பாதி அகலம் கிட்டத்தட்ட 2 மீட்டர். கரையை ஒட்டி இறக்கினால்கூட 10 மீட்டர் தூரம் வந்துவிடுகிறது. ஊன்றுகாலை விளிம்புக்கு நெருக்கினால் தூரம் குறையும். ஆனால் அந்தக் கரைச் சுவர் இருநூறு ஆண்டுப் பழையதாக இருக்கலாம், அதன் பின்னால் ஈரமண் இருக்கலாம். லாரியிலிருந்து எடுக்கும் தூரத்தையும் இதேபோல் தனியாகக் கணக்கிட வேண்டும்; தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்ப்பதையும் அன்றைய காலைக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

இனி, படகைச் சுற்றிப் போட்டுத் தூக்கும் பெல்ட். குறும்படகுக்குத் தப்பித்துப்போகும் ஒரு தவறு அகலப் படகுக்குத் தப்பாது. படகின் அடியில் சுற்றிய பெல்ட்டுகளை நேராக ஒரே கொக்கியில் மாட்டினால், அவை மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்ந்து, கேபினின் மேல் விளிம்பை இரு பக்கமும் நெருக்கும். படகு எவ்வளவு அகலமோ அந்தச் சாய்வும் நெருக்கலும் அவ்வளவு கூடும். கைப்பிடிக் கம்பி வளையும், சன்னல் கண்ணாடி விரியும், புதுப் பெயின்ட் உரியும். பெல்ட்டுகள் செங்குத்தாக நிற்கும்படி மேலே குறுக்காக இரும்புச் சட்டம் வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். படகின் அகலத்தை நிறுவனத்திடம் முன்பே சொன்னால்தான் அதற்கேற்ற சட்டம் வரும். பின்பக்கப் பெல்ட் புரொப்பெல்லருக்கும் சுக்கானுக்கும் முன்னால், தட்டையான அடித்தகட்டில் அமர வேண்டும். அங்கே உடல் குறுகிச் சரியத் தொடங்கும் இடத்தில் போட்டால் வழுக்கும். கட்டியவரிடம் கேட்டு, பெல்ட் வர வேண்டிய இடங்களில் பக்கச் சுவரில் முன்கூட்டியே டேப் ஒட்டி வைப்பவர்களைக் கிரேன் ஆட்களுக்கு மிகவும் பிடிக்கும்.

முதலில் ஒரு சாண் உயரம்தான். தூக்கி, நிறுத்தி, தள்ளி நின்று பார்க்க வேண்டும். எஞ்சின் பக்கம் தாழ்ந்தால் இறக்கிவிட்டு பெல்ட்டை நகர்த்துவதே வழி. சமன் செய்ய ஆளை ஏற்றி நிற்கவைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். தொங்கும் படகில் ஒருவரும் இருக்கக் கூடாது. முன்னும் பின்னும் கட்டிய கயிற்றைப் பிடிப்பவர்கள் அதைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. படகின் பக்கச் சுவர் காற்றுக்குப் பாய்போல விரிந்து நிற்பதால், கிரேன் ஓட்டுநர் “இன்று வேண்டாம்” என்றால் வாதாடாமல் ஒத்திவைக்க வேண்டும்.

அடிப்பாகத்துக்கான கறுப்புப் பூச்சைப் பற்றிச் சுருக்கமாக. எபாக்ஸி வகை முழுதாக இறுகச் சில நாள்கள் தேவை. தேதியை அதற்கேற்ப வையுங்கள். படகு உட்கார்ந்திருந்த கட்டைகளின் அடியில் பூச்சே பட்டிருக்காது. கட்டைகளை முன்பே இடம்மாற்றிப் பூசச் சொல்ல வேண்டும். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் மெக்னீசியம் ஆனோடுகளின் மேல் பூச்சைத் தடவிவிட்டால் அவை வேலை செய்யாது.

படகு தண்ணீரைத் தொட்டு மிதந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், யாரோ பெல்ட்டைக் கழற்றப் போவார்கள். அங்கேதான் நிறுத்த வேண்டும். பெல்ட் கொக்கியிலேயே இருக்கட்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே இறங்கி, புரொப்பெல்லர் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங் வழியாகத் தண்ணீர் சொட்டுகிறதா ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். புரொப்பெல்லரில் சிக்கும் களையை எடுப்பதற்கான திறப்பின் மூடி இறுகியிருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். குளியலறை, தொட்டி, வெளியேற்றுக் குழாய்கள் உடலைத் துளைக்கும் இடம் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் ஈரத்தைக் கண்ணுக்கு முன்னே கண்டுபிடிக்கும். சிலவகைத் தண்டு அடைப்புகளில் உள்ளே சிக்கிய காற்றை, தண்ணீரில் இறங்கியவுடன் அமுக்கி வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் எஞ்சினை ஓட்டியதும் அடைப்பு வறண்டு சூடாகிவிடும். கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால் இந்த வேலையை அவசரப்படுத்துவார்கள். அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்தே முன்பே பேசி வைத்துவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒழுகல் இருந்தால், கொக்கி மாட்டியிருக்கும்வரை படகை மறுபடி மேலே எடுத்துவிடலாம். கிரேன் போய்விட்டால் பம்ப்பை நம்பித்தான் இரவைக் கழிக்க வேண்டும்.

உரிமம், காப்பீடு, பாதுகாப்புச் சான்று ஆகியவை கையில் இல்லாமல் கால்வாய்களைப் பராமரிக்கும் அமைப்பான கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் நீரில் படகை விடக் கூடாது; விண்ணப்பத்தை இறக்கும் வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அன்றே நெடும்பயணம் கிளம்பவும் வேண்டாம். அருகிலேயே கட்டி வைத்து, தொட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, படகு எந்தப் பக்கம் சாய்கிறது, வெளியேற்றுத் துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். மறுநாள் காலை அடித்தட்டைத் திறந்து, தண்டு அடைப்பின் கீழே காகிதத் துண்டு ஒன்றை வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பலாம்.